செயலியில் 34 மி.மீ. மழை, காட்டில் புழுதி!

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசல். புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. நாசாவின் ‘ஐமெர்க்’ செயற்கைக்கோள் தரவைக் காட்டும் செயலியில் 34 மி.மீ. என்று இருந்ததால் மக்காச்சோளம் விதைத்தேன். முளைத்ததில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. கிளறிப் பார்த்தால் இரண்டு விரல்கடைக்குக் கீழே புழுதி. செயற்கைக்கோள் தப்பாகக் காட்டுமா? வறட்சி தாங்கும் டானிக் தெளிக்கச் சொல்கிறார் கடைக்காரர். தெளிக்கலாமா?

பதில்: டானிக் வாங்காதீர்கள். வேரடியில் ஈரம் இல்லாத குருத்தை இலையில் தெளிக்கும் மருந்து காப்பாற்றாது. கருகும் பயிரைப் பார்த்துப் பதறுகிறவரிடம் பாட்டிலை நீட்டுவது வியாபாரம், வைத்தியம் அல்ல. அடுத்த நல்ல மழையில் உழுதுவிட்டு உளுந்தோ பாசியோ போடுங்கள்.

செயலியின் எண் உங்கள் காட்டுக்கு உரியது அல்ல. ஐமெர்க் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ. நீளம், 11 கி.மீ. அகலம், ஏறத்தாழ 30,000 ஏக்கர். பக்கத்து ஊரில் கொட்டியதும் உங்கள் வரப்போடு நின்றதும் ஒரே சராசரிக்குள் போய்விடும். மேலும், செயற்கைக்கோள் மழையைப் பிடித்து அளப்பதில்லை. மேகத்திலிருந்து வரும் நுண்ணலையையும் வெப்பத்தையும் வைத்துக் கணிக்கிறது. காய்ந்த காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகும் தூறலும் அதன் கணக்கில் ஏறக்கூடும். தரை மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மக்காச்சோளம் அதற்குள் கதிர் முற்றிவிடும். உலகிலுள்ள மழைமானிகளின் வாய்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து பார்ப்பதைத் திருத்தத் தரையில் அவ்வளவுதான் இருக்கிறது.

‘என் காட்டில் எவ்வளவு பெய்தது?’ என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இருபது வருடமாக இதையே சொல்லி வருகிறேன்: காட்டுக்கு ஒரு மழைமானி வேண்டும். நம் பாட்டன்மார் வாசலில் கிடந்த ஆட்டுக்கல் குழியைப் பார்த்து ‘ஒரு உழவு மழை’ என்றார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு இப்போது கைபேசியைப் பார்க்கிறோம்.

வாய் 16 செ.மீ. அகலமுள்ள புனலை ஒரு கேனில் செருகி, அசையாமல் நிறுத்துங்கள். விளிம்பு மட்டமாக இருக்கட்டும். மரம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம். அங்கே காற்று துளிகளைத் தள்ளிவிடும். தினமும் காலை 8.30க்கு, மாட்டுக்கு மருந்து ஏற்றும் 20 மி.லி. ஊசிக்குழாயால் நீரை உறிஞ்சி அளவிடுங்கள். ஒரு குழாய் நிறைந்தால் 1 மி.மீ. மழை, ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். நம் வானிலைத் துறையின் ஒரு நாள் மழைக் கணக்கும் காலை 8.30க்குத்தான் முடிகிறது. ஐமெர்க்கின் ஒரு நாள் கணக்கு உலக நேரப்படி நமக்குக் காலை 5.30க்கே முடிந்துவிடும் என்பதால், விடியற்கால மழையில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது.

தானியங்கி மழைமானியை ஆயிரக்கணக்கில் விற்க வருகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: சிலந்தி வலை கட்டினால் யார் வந்து துடைப்பார்கள்?

எண் எதுவாக இருந்தாலும், விதைப்பெட்டியை எடுக்கும் முன் நான்கு இடத்தில் மண்வெட்டி போடுங்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும்.