நகரவாசிகளுக்குக் கிராம சபை போன்ற உரிமை உண்டா?

கிராம சபையைப் போல நகரத்தில் நாம் எழுந்து பேச ஓர் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆயினும் தமிழ்நாட்டில் கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடும் பகுதி சபைக்கும் உரிய விதிகள் 2022இல்தான் வெளிவந்தன. வார்டு குழுவில் அமரும் பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் அடங்கிய நகர உள்ளாட்சி மன்றமே நியமிக்கிறது என்பது பெருங்குறை. அது மாறியே ஆக வேண்டும். எனினும் பகுதி சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். ‘தெருவிளக்கு எரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், கம்பத்தின் எண்ணையும் எத்தனை நாளாக இருட்டு என்பதையும் எழுதிக் கொடுத்து, அது கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே வீடு திரும்புங்கள்.