ஜிப்சி இன்ஜினைப் போட்டு வீட்டில் கட்டும் குட்டி விமானம் பறக்குமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் கேட்டது: மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜினை இருவர் உட்காரும் விமானத்தில் மாட்டலாமா?

மாட்டலாம், பறக்கும். 80 குதிரைத்திறன் போதும். அந்தச் சக்தி நிமிடத்துக்கு 6000 சுற்றில்தான் வருகிறது என்பதே சிக்கல். 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லரை, அதாவது விமானத்தை இழுக்கும் விசிறியை, அந்த வேகத்தில் நேரடியாகச் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 530 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகமே சுமார் 340தான்! இரைச்சல் மிஞ்சும், விமானத்தை இழுக்கும் விசை குறையும். நடுவில் பெல்ட்டோ கியரோ வைத்துச் சுற்றை 2500 அளவுக்குக் குறைக்க வேண்டும். விமானத்துக்கென்றே செய்த ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் கூட 5800 சுற்றை 2.43 மடங்கு குறைத்துத்தான் கொடுக்கிறது.

இந்தக் கியர்பாக்ஸை மட்டும் பக்கத்து லேத் பட்டறையில் செய்யாதீர்கள். சிலிண்டரின் ஒவ்வொரு வெடிப்பும் தண்டை முறுக்குகிறது. கனமான புரொப்பல்லர் எதிர்த்து நிற்கிறது. ஏதோ ஒரு சுழற்சி வேகத்தில் அதிர்வு கூடிக்கொண்டே போய்த் தண்டு முறியலாம். இன்ஜின் நன்றாக ஓடும், புரொப்பல்லர் நின்றிருக்கும். சோதித்துத் தேறியதை வாங்குங்கள், விலை எவ்வளவானாலும் சரி.

காரில் முழுச்சக்தி சில நொடிகளே தேவைப்படும். விமானத்தில் முக்கால் சக்தி மணிக்கணக்கில் வேண்டும். ஆகவே ரேடியேட்டர் பெரிதாக இருக்கட்டும். தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் இரண்டாக இருக்கட்டும். பம்பில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், அவற்றை மாற்றுங்கள்.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி இல்லாமல் தரையை விட்டு எழும்பக் கூடாது. பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது வண்டியை ஷெட்டிலேயே கட்டிவையுங்கள்.