கடுங்குளிரில் உலோகக் கண்ணாடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் என்று படித்திருக்கிறேன். கண்ணாடியோ சாதாரண வெப்பநிலையிலேயே உடைகிறது. அப்படியிருக்க, உலோகக் கண்ணாடியால் செய்த பற்சக்கரங்களை நிலவின் குளிருக்கு அனுப்பலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது எதனால்?

பதில்: உருகிய உலோகக் கலவையை, அதன் அணுக்கள் படிகமாக ஒழுங்குபட நேரம் தராமல் குளிர்வித்தால், திரவ நிலையில் இருந்த ஒழுங்கற்ற அமைப்பு அப்படியே திடமாகிவிடுகிறது. அதுவே உலோகக் கண்ணாடி. 1960-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், தங்கமும் சிலிக்கானும் சேர்ந்த கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றார்கள். அது மெல்லிய செதிலாகவே கிடைத்தது. 1990-களில் சிர்கோனியம் கலவைகள் வந்த பிறகுதான் பற்சக்கரம் செய்யும் அளவுக்குத் தடிமனான வார்ப்புகள் பரவலாயின.

எஃகு குளிரில் நொறுங்குவதற்குக் காரணம் அதன் படிக அமைப்பில் இருக்கிறது. இரும்பின் அணு அடுக்குகளில் உள்ள பிறழ்வுகள், அதாவது வரிசை தவறிய இடங்கள், நகர்வதால்தான் எஃகு உடையாமல் வளைகிறது. அந்த நகர்வுக்கு வெப்பம் துணை செய்கிறது. குளிர் மிகும்போது பிறழ்வுகள் எளிதில் நகராமல் போக, அவற்றை நகர்த்தத் தேவைப்படும் விசை, படிகத்தை அதன் தளங்களின் வழியே பிளப்பதற்கு வேண்டிய விசையை எட்டிவிடுகிறது. அப்போது வளைய வேண்டிய எஃகு பிளக்கிறது.

உலோகக் கண்ணாடியில் படிகம் இல்லாததால் பிறழ்வுகளும் இல்லை, பிளப்பதற்கு வாகான தளங்களும் இல்லை. சுமை ஏறும்போது சில பத்து அணுக்கள் கொண்ட சிறு கூட்டங்கள் இடம் மாறி அமைகின்றன. அம்மாற்றங்கள் ஒன்றுசேர்ந்து, 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள சறுக்குப் பட்டைகளாகின்றன. குளிரில் இந்த இடமாற்றத்துக்கும் கூடுதல் விசை தேவைப்படுவதால் பொருளின் வலிமை உயர்கிறது. அறை வெப்பநிலையில் 2 கிகாபாஸ்கலை ஒட்டிய வலிமை கொண்ட சிர்கோனியம் கலவைகள் பல, திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதல் வலிமை காட்டுகின்றன. வலிமை கூடியும், அமுக்கச் சோதனையில் அவற்றின் வளையும் திறன் பெரும்பாலும் குறைவதில்லை. சில கலவைகளில் கூடவும் செய்கிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுவே.

அறை வெப்பநிலையில் அழுத்தும்போது சுமையைக் காட்டும் வரைபடக் கோடு ரம்பப் பற்களைப் போல ஏறி இறங்கும். பட்டைகள் திடீரென்று சறுக்கி நிற்பதன் அடையாளம் அது. போதுமான குளிரில் அந்த ஏற்ற இறக்கம் மறைந்து கோடு சீராகிறது. சறுக்கலின் வேகமும் வெப்பத்தைச் சார்ந்திருப்பதால், குளிரில் பட்டைகள் பாயாமல் மெதுவாக நகர்கின்றன.

கேள்வி: அப்படியானால் இதைப் பாலம் கட்டவும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன வளையும் திறன் அமுக்கத்தில் காணப்படுவது. இழுவிசையில் பெரும்பாலான உலோகக் கண்ணாடிகள், அறை வெப்பநிலையிலும் கடுங்குளிரிலும், விசையை நீக்கினால் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடிய மீட்சி எல்லையான ஏறத்தாழ 2 விழுக்காட்டு நீட்சியைத் தாண்டியதும் ஒரே பட்டையின் வழியே அறுந்துவிடுகின்றன. இரும்பை அடிப்படையாகக் கொண்ட பல கலவைகள் அறை வெப்பநிலையிலேயே நொறுங்கும் தன்மை உடையவை.

பற்சக்கரத்தின் தேவை வேறு. விண்வெளி ஊர்திகளில் மசகுப் பொருள் குளிரில் இறுகிவிடுவதால், அதைச் சூடாக்குவதற்கென்றே அரிய மின்சாரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. கடினமும் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் கொண்ட உலோகக் கண்ணாடிப் பற்சக்கரங்களை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் மைனஸ் 200 டிகிரியில் மசகு இல்லாமலே சுழற்றிக் காட்டியிருக்கிறது. நிலவின் இரவு பூமிக் கணக்கில் ஏறத்தாழ 14 நாள் நீள்வதால், சூடேற்றாமல் இயங்கும் கருவியின் மதிப்பு மிகப் பெரிது.

கேள்வி: திரவ நைட்ரஜனில் பலமுறை அமிழ்த்தி எடுத்தால் பொருள் கெட்டுப்போகாதா?

பதில்: விரிசல் விழும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, அறை வெப்பநிலைக்கும் 77 கெல்வினுக்கும் இடையே மாறி மாறிக் கொண்டுசெல்லப்பட்ட உலோகக் கண்ணாடி சற்று மென்மையாகி, அமுக்கத்தில் மேலும் நன்றாக வளைவதைக் காட்டியது. அணு அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், சுருங்கும் அளவும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அதனால் உள்ளே எழும் தகைவுகள், அதாவது உள்விசைகள், அணுக்கூட்டங்களைச் சிறிது கலைத்து, பொருளைப் புதிதாக வார்த்த நிலையை நோக்கித் திருப்புகின்றன. எல்லாக் கலவைகளிலும் இந்த விளைவு ஒரே அளவில் இருப்பதில்லை. கலவையின் சேர்க்கையும் அது முன்பு குளிர்விக்கப்பட்ட விதமும் அதைத் தீர்மானிக்கின்றன.