2003-இல் பரவிய சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் தடுப்பூசி இல்லாமலே அடங்கியது. கொரோனா ஏன் அடங்கவில்லை?

இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் நோய் வந்தவர் எந்த நாளில் மற்றவருக்குப் பரப்புகிறார் என்பதில்தான் எல்லாமே மாறிவிடுகிறது.

2003 பிப்ரவரியில் தென் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வந்த ஒரு மருத்துவர், ஹாங்காங் மெட்ரோபோல் ஹோட்டலின் 9-ஆவது மாடியில் ஓர் இரவு தங்கினார். அங்கே தொற்றிக்கொண்டவர்கள் ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ வரை சார்ஸைக் கொண்டுபோனார்கள். 8,096 பேருக்கு வந்தது; 774 பேர் இறந்தார்கள். அப்படியும் ஜூலைக்குள் அடங்கியது. காரணம், சார்ஸ் நோயாளி படுக்கையில் விழுந்த பிறகு, அதுவும் இரண்டாம் வாரத்தில்தான் அதிகம் பரப்புவார். காய்ச்சல்காரரைத் தனிமைப்படுத்தினால் சங்கிலி அறுந்துவிடும். அதிகம் பரப்பும் அந்த நாட்களில் நோயாளி மருத்துவமனையில் இருந்ததால், பாவம், பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர்.

கொரோனா அப்படியில்லை. இருமல் தொடங்க ஓரிரு நாள் முன்பே, நன்றாக நடமாடும் ஆளே பரப்புகிறார். காய்ச்சல் மானி அவரைப் பிடிக்காது.

அப்புறம், காற்று. 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்த 61 பேரில் 53 பேர் வரை நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் ஊதுபத்திப் புகைபோல மிதந்து நிற்கும். அதனால் மேசையைத் துடைப்பதைவிட முதலில் ஜன்னலைத் திறங்கள். கூட்டத்தில் மூக்கோடு சேர்த்து முகக்கவசம் அணியுங்கள்.