கட்டியது போகுமே என்று பாலிசியைத் தொடரலாமா?

ஆயுள் காப்பீட்டு பாலிசியைக் காலையில் சரண்டர் செய்ய, அதாவது பாதியில் முடித்துப் பணம் வாங்க முடிவெடுத்து, ஏஜென்ட் "இதுவரை கட்டிய 1,50,000 வீணாகுமே" என்றதும் மாலையில் மனம் மாறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாறியது கணக்கு அல்ல, கேள்வி. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். எந்த முடிவெடுத்தாலும் கட்டிய பணத்தைக் கட்டாததாக்க முடியாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிளையில் மூன்று தொகையை எழுத்தில் வாங்குங்கள்: இன்றைய சரண்டர் மதிப்பு, பெய்ட்-அப் மதிப்பு (இனி பிரீமியம் கட்டாமல் பாலிசியை அப்படியே விட்டால் நிற்கும் குறைந்த காப்பீட்டுத் தொகை), எதிர்பார்க்கும் முதிர்வுத் தொகை. 20 ஆண்டு பாலிசியில் ஆண்டுக்கு 25,000 வீதம் 6 பிரீமியம் கட்டியதால், 5 லட்சம் பாலிசிக்குப் பெய்ட்-அப் 1,50,000. சேர்ந்த போனஸ் தனி.

எக்செலில் முதல் கட்டத்தில் சரண்டர் மதிப்பும் (தொடர்ந்தால் இன்று நீங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் அது) 25,000-மும் கூட்டி மைனஸில், அடுத்த 13 கட்டங்களில் மைனஸ் 25,000, கடைசியில் முதிர்வுத் தொகை. ஐஆர்ஆர் (IRR), அதாவது ஆண்டு வருமான சதவீதம், போடுங்கள். பலர் சரண்டர் மதிப்பைச் சேர்க்க மறந்து, தொடர்வதே லாபம் என்று ஏமாறுகிறார்கள்.

எத்தனை சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்துவீர்கள் என்பதைக் கணக்குப் போடும் முன்பே எழுதிவையுங்கள். குடும்பம் உங்களை நம்பியிருந்தால், டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) கைக்கு வரும்வரை சரண்டர் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.