நாத்திகரும் அக்னாஸ்டிக்கும் ஒன்றா?

கேள்வி: நாத்திகம், அறியொணாவாதம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவரே இரண்டுமாக இருக்க முடியுமா?

இருக்கலாம். நானே அப்படித்தான்.

எங்கள் ஊர் பூதப்பாண்டி பக்கம். போன வருடம் அம்மன் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஊர்க்காரர்கள் வரி பிரிக்க வந்துவிட்டுப் போன பிறகு, அவியலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்: "சாமி உண்டா இல்லியா, ஒண்ணு சொல்லு மக்கா."

"தெரியாதும்மா."

"செரி, நம்புகியா?"

"இல்ல."

"தெரியாதுங்க, நம்பவும் மாட்டேங்க. என்னல இது?"

அம்மா கேட்டது இரண்டு கேள்வி. நம்புகிறாயா என்றால் 'இல்லை' என்பவர் நாத்திகர். தெரியுமா என்றால் 'தெரியாது', 'யாராலும் அறிய முடியாது' என்பவர் அக்னாஸ்டிக், அதாவது அறியொணாவாதி. எங்கள் பெரியம்மா "அவனை யாரு கண்டா" என்று முணுமுணுத்தபடியே தினமும் விளக்கேற்றுவாள். அவளும் ஒருவகையில் அக்னாஸ்டிக்தான், ஆனால் ஆத்திகர்.

ஒரு சிக்கல் உண்டு. தத்துவம் படித்தவர்கள் பலர், 'கடவுள் இல்லை' என்று அடித்துச் சொல்வதைத்தான் நாத்திகம் என்பார்கள். அந்தக் கணக்கில் அக்னாஸ்டிக் தனி ஆள், நடுவில் நிற்பவர். எந்த அர்த்தத்தில் பேசுகிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அக்னாஸ்டிக் என்ற சொல்லை 1869இல் உருவாக்கிய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அதை மதில்மேல் பூனையாக நினைக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் 'தெரியும்' என்று சொல்லாதே என்பதுதான் அவர் கட்சி.

நம் ஊரில் நாத்திகம் என்ற சொல்லே வேறு வழியில் வந்தது. மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலைக்குப் போயிருக்கிறீர்களா? பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்கள். வேதத்தை ஏற்காததால் சமணர்கள் பழைய கணக்கில் நாத்திகர்கள். உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டு என்பதையும் அவர்கள் ஒப்புவதில்லை. ஆனால் ஈசுவரனுக்கு இடம் தராத பழைய சாங்கியம் என்ற தத்துவம், வேதத்தை ஏற்றதால் ஆத்திகம்! இன்று நாம் புழங்கும் அர்த்தம் வேறு. எங்கள் ஊர்க்காரர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1930களில் பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கினாரே, அந்த நாத்திகம் வேதத்தைப் பற்றியதல்ல, கடவுளைப் பற்றியது.

சரி, அம்மா விட்டாளா? "தெரியாதுன்னா வந்து பாத்தாத்தானல தெரியும்" என்று சொல்லி வாழைக்காயை அடுப்பில் ஏற்றினாள். கொடைக்குப் போனேன். சாமி விஷயம் அப்படியேதான் இருக்கிறது. வில்லுப்பாட்டு முடியும்போது விடிந்துவிட்டது.