2020 ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட 9 படங்களில் உங்கள் ஓட்டு எதற்கு?

பாரசைட் என்ற கொரியப் படத்துக்கு. விருதும் அதற்கே போனதால் இதைச் சொல்லப் பெரிய தைரியம் ஒன்றும் தேவையில்லை. அதுவரை நடந்த 92 ஆஸ்கர் விழாக்களில் ஆங்கிலம் அல்லாத படம் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆனால் ஏழை, பணக்காரன் கதை என்பதால் எனக்குப் பிடித்தது என்று இல்லை. அந்த மாதிரிக் கதை நம்மிடமே வண்டி வண்டியாகக் கிடக்கிறது. எனக்குப் பிடித்தது அதில் வரும் நாற்றம். (முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

சொந்த ஊர் பேரணாம்பட்டு. அப்பா முப்பது வருஷம் டேனரியில் வேலை பார்த்தார். சுண்ணாம்பும் சல்பைடும் கரைத்த தொட்டியில் தோலை ஊறப்போட்டு முடி எடுக்கிற இடம். அந்த வாடை சட்டையோடு போகாது, நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். லைஃப்பாய், சீயக்காய், கடலை மாவு, எலுமிச்சைத் தோல் என்று அம்மா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். கல்யாணம் என்றால் அப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு கிளம்புவார். பவுடரும் அதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் அவரோடு வேலூர் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார், அவ்வளவுதான். அப்பா எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டார். குடியாத்தத்தில் பாதி பஸ் காலியான பிறகும் உட்காரவில்லை.

படத்தில் ஒரு வீட்டு ஆட்கள் நாலு பேரும், ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நடித்து, ஒரே பங்களாவில் வேலைக்குச் சேர்கிறார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையன் மோந்து பார்த்துவிட்டு, எல்லார் மேலும் ஒரே வாடை என்கிறான். ஆளுக்கொரு சோப்பு போடுவோமா என்று இவர்கள் வீட்டில் யோசிக்கிறார்கள். மகள் சொல்கிறாள், சோப்பு இல்லை, நாம் குடியிருக்கிற பாதி நிலத்தடி வீட்டின் வாடை இது என்று. லாக்டவுனில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் முதலாளி மூக்கைப் பிடிக்கிறார், அந்த நாலு பேரில் டிரைவராக இருப்பவர் கத்தியை எடுக்கிறார். இதுக்குப் போய்க் கொலையா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

மற்ற படங்களில் ஜோஜோ ராபிட் இரண்டாவது. மகன் தன் அம்மாவை அவள் ஷூவை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும் காட்சி ஒன்று போதும். என் அக்கா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். படம் முழுக்க அந்த ஷூவை எப்படித் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே வந்தார்கள் என்று எனக்கு முன்னாலேயே அவள் கவனித்துவிட்டாள். ஐரிஷ்மேன் 209 நிமிஷம். மூன்று தவணையில் முடித்தேன், கிழவன் தனக்குத் தானே சவப்பெட்டி பார்க்கப் போகிற இடம் மட்டும் மனதில் நிற்கிறது. 10 பிரிவுகளில் பரிந்துரை ஆகி ஒன்றுகூட வாங்காமல் திரும்பியது கொஞ்சம் பாவம்தான். ஜோக்கருக்கு 11 பரிந்துரை ரொம்ப அதிகம். ஹீரோ அடிவாங்கும்போதெல்லாம் நீயும் அழு என்று நம் கழுத்தைப் பிடிக்கிற படம். 1917 கேமராவுக்காகப் பார்க்கலாம், மேரேஜ் ஸ்டோரி அந்த ஒரு சண்டைக்காக. மற்றவை எனக்கு ஒட்டவில்லை.

பாரசைட்டை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். சப்டைட்டிலை நான் படித்துச் சொல்லச் சொல்லப் பார்த்தார். நாற்றத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்குக் கோபமெல்லாம் அந்தக் குடும்பத்தின் மேல். ஏற்கெனவே அங்கே வேலை செய்த அம்மாவுக்கு பீச் பழம் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துகொண்டு, அதை வைத்தே டி.பி. என்று கதைகட்டி விரட்டுகிறார்களே, அங்கேயே முகம் மாறிவிட்டது. "இன்னாத்துக்குடா அந்தப் பொம்பள வயித்துல அடிக்கணும்? அந்தாளு சம்பளம் ஒயுங்காத்தான குடுத்தான்?" என்றார். அந்த ஆள் மூக்கைப் பிடித்ததை நினைவுபடுத்தினேன். "புடிச்சா இன்னா" என்று முடித்துவிட்டார். பஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை.

9 படங்களில் அவர் பார்த்தது மொத்தம் இரண்டு. இன்னொன்று ஃபோர்டு வி ஃபெராரி. 1966 லெ மான் கார் ரேஸில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபோர்டு டிரைவர் கென் மைல்ஸை, தங்கள் மூன்று காரும் சேர்ந்து வந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று கம்பெனி வேகத்தைக் குறைக்கச் சொல்லி, கடைசியில் அவருக்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கும். அதற்கு அப்பா இரண்டு நாள் புலம்பினார். "ஓட்டுனவன் ஒருத்தன், கப்பு இன்னொருத்தனுக்கா?" எடிட்டிங் விருதில் பாரசைட்டைத் தோற்கடித்தது அந்தப் படம்தான் என்று சொன்னபோது ரொம்பத் திருப்தி அவருக்கு. வீட்டில் ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. அக்கா இன்னும் ஜோஜோ ராபிட்டிலேயே நிற்கிறாள்.